கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு பதிற்றுப்பத்து எதுக்கு?

வணக்கம் சார், கரூர்ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படிக்கிறேன். சங்க இலக்கியம், பழைய காசு, பறவைன்னு கைல கிடைக்கறதெல்லாம் படிப்பேன். எங்க டிபார்ட்மென்ட் சார் ஒருத்தர் "ஒண்ணை ஒழுங்கா படி, இல்லேன்னா எதுலயும் தேற மாட்டே"ன்னுட்டார். வீட்லயும் அதே பேச்சு. மத்ததெல்லாம் நிறுத்திடணுமா சார்?

தம்பி,

நிறுத்தாதீங்க. படிச்சதும் மனசு கேக்கல, அதான் உடனே எழுதறேன்.

உங்க ஊர் பக்கத்து விஷயமே சொல்றேன். வேலாயுதம்பாளையத்துல ஆறுநாட்டார் மலை இருக்கே, அங்க சமண முனிவர்கள் தங்கின குகைத்தளத்துல தமிழ் பிராமியில, அதாவது தமிழை எழுதின ரொம்பப் பழைய எழுத்துல, வெட்டியிருக்கு, புகழூர் கல்வெட்டும்பாங்க. அப்படி ஒண்ணு இருக்கறது ஆராய்ச்சிக்காரங்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும், ஆனா அதுல இருக்கறது சங்ககால சேரர் பரம்பரைன்னு 1965 வாக்குல எடுத்துக் காட்டினவர் ஐராவதம் மகாதேவன். அவர் காலேஜ்ல படிச்சது உங்களை மாதிரி கெமிஸ்ட்ரி, அப்புறம் சட்டம், 1954ல ஐஏஎஸ்.

"கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ"ன்னு வரும் அதுல. தாத்தா, அப்பா, பேரன். எழுத்து மட்டும் தெரிஞ்சவருக்கு இது யாரோ மூணு பேர், அவ்வளவுதான். பதிற்றுப்பத்து சேர ராஜாக்களைப் பாடற சங்கப் பாட்டுத் தொகுப்பு, ஒவ்வொரு ராஜாவுக்கும் பத்துப் பாட்டு. அதுல ஏழாம் பத்து செல்வக் கடுங்கோ வாழியாதனுக்கு, எட்டு பெருஞ்சேரல் இரும்பொறைக்கு, ஒன்பது இளஞ்சேரல் இரும்பொறைக்குன்னு மனசுல ஏறியிருக்கறவருக்குத்தான் அட இது அந்தக் குடும்பமாச்சேன்னு பொறி தட்டும். பாட்டை படிக்கறப்போ அது ஒரு பாறைக்கு சாவியாகும்னு யாருக்குத் தெரியும் சொல்லுங்க?

ஆனா உங்க சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பொறி தட்டினதோட மகாதேவன் நிக்கல, குகை குகையா ஏறி, ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டு, நடுவுல சிந்து சமவெளி எழுத்துக்கு 1977ல ஒரு பெரிய தொகுப்பு போட்டு, தமிழ் பிராமி பத்தின பெரிய புஸ்தகம் வந்தது 2003ல. கிட்டத்தட்ட நாப்பது வருஷம். எதை எடுத்தாலும் பத்து பக்கம் படிச்சுட்டு அடுத்ததுக்குத் தாவறது வேற, ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு அது இழுக்கற பக்கமெல்லாம் போய் படிக்கறது வேற. நீங்க முதல் ரகமா இருந்தா அதை மட்டும் மாத்திக்கங்க.

கேள்விக்கு நீங்க தூரமா போக வேண்டாம். அமராவதி ஆத்து மணல்ல ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைச்ச ஊர் உங்களுது. ஒரு காசுல வெள்ளி எவ்வளவு செம்பு எவ்வளவு, அதை சுரண்டாம கரைக்காம எப்படி கண்டுபிடிக்கறது, இது முழுக்க கெமிஸ்ட்ரிதானே தம்பி. நாளைக்கே அந்த சார்கிட்ட போய் இதைக் கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.