ஐந்தாண்டு ஆயுளும் ஒரு பதக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊக்கமருந்து குறித்து விளையாட்டு வீரர்கள் கொண்டிருக்கும் மனப்பான்மையை விளையாட்டு மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். ‘தங்கப் பதக்கம் உறுதி, ஆனால் ஐந்தாண்டில் மரணம் என்றால் அந்த மருந்தை உட்கொள்வீர்களா?’ என்று 1980களில் அமெரிக்க மருத்துவர் பாப் கோல்ட்மன் விளையாட்டு வீரர்களிடம் கேட்டபோது ஏறத்தாழப் பாதிப்பேர் ‘ஆம்’ என்றார்கள். இப்படிப்பட்டவர்களின் மனத்தை மாற்ற முடியுமா? முதலில், வினாத்தாளில் அவர்கள் உண்மையை எழுதுவார்களா?

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

கோல்ட்மனின் அந்தப் ‘பாதி’யை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். ஆய்வாளர் ஜேம்ஸ் கானரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அதே பேரத்துக்கு இசைந்த தடகள வீரர்கள் 1 விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, 2011இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியின்போது கையாளப்பட்ட முறையைப் பாருங்கள். தமக்குத் தெரிந்த யாரேனும் ஒருவரின் பிறந்தநாளை வீரர் மனத்துக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். அது மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்தால் ‘அந்தப் பிறந்தநாள் ஆண்டின் முற்பாதியில் வருகிறதா?’ என்ற கேள்விக்கும், இல்லையேல் ‘கடந்த 12 மாதங்களில் ஊக்கமருந்து விதிகளைத் தெரிந்தே மீறினீர்களா?’ என்ற கேள்விக்கும் பதிலளிக்க வேண்டும். ‘ஆம்’ என்றவர் எதற்கு ஆம் என்றார் என்பது ஆய்வாளருக்கே தெரியாது. பிறந்தநாட்களின் பரவல் தெரியும் என்பதால் மொத்தக் கூட்டத்துக்கான விகிதத்தை மட்டும் பிரித்தெடுத்துவிடலாம். கிடைத்த எண் 43.6 விழுக்காடு. கேள்வியைச் சரியாகப் படிக்காமலே விடையைத் தட்டியவர்களுக்கு இடம்விட்டு, ஆய்வாளர்களே அதை 30 வரை குறைத்தும் காட்டினார்கள். அப்போதும், அங்கே பரிசோதனையில் சிக்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. (இந்த முடிவுகள் வெளியாக 2017 ஆனது என்பதும் மேலாண்மை மாணவர் கவனிக்கத்தக்க தகவல்தான்.)

இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பதக்கத்துக்காகச் சாகத் துணிந்தவன் என்று நாம் வரைந்து வைத்திருக்கும் ஆள் அநேகமாக அங்கே இல்லை என்று தெரிகிறது. இருப்பவர், காயத்திலிருந்து சீக்கிரம் மீளவும் அடுத்த ஒப்பந்தத்தைத் தக்கவைத்துக்கொள்ளவும் மருந்தை வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்பவர் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்க மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து உட்கொண்டதை 2013இல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டபோது, ‘ஏமாற்று’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடிப் பார்த்ததாகவும், மற்றவர்களுக்குக் கிட்டாத அனுகூலத்தைப் பெறுவது என்ற அந்தப் பொருளில் தாம் செய்ததை அவ்வாறு கருதவில்லை என்றும் சொன்னார். உங்கள் துறை மனப்பான்மை என்று அளக்க முயல்வது இந்த நியாயத்தைத்தான். அது ஒருவரின் தலைக்குள் தனியாக முளைப்பதில்லை, அணிக்குள் பலர் சேர்ந்து வளர்ப்பது.

ஆகவே வீரரிடம் மட்டும் வினாத்தாளை நீட்டாதீர்கள். உடலில் மருந்து கண்டறியப்பட்டால் எண்ணம் எதுவானாலும் வீரரே பொறுப்பு என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி சொல்கிறது. ஆனால் போட்டி அட்டவணையை நெருக்குபவர், ஒப்பந்தத்தில் பதக்க இலக்கை எழுதுபவர், காயம் ஆறுமுன் களமிறங்கச் சொல்பவர் ஆகியோரின் மனப்பான்மையையும் அதே பிறந்தநாள் உத்தியால் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்