டிவி பாத்து காய்கறி போடலாமா?

வணக்கம் அண்ணே,

கோட்டையூர்ல இருந்து எழுதுறேன். நானும் அப்பத்தாவும் டிவில வர்ற தோட்ட நிகழ்ச்சி ஒண்ணு விடாம பாப்போம். அதுல காமிச்ச மாதிரியே பங்குனில பையில தக்காளியும் காலிபிளவரும் போட்டோம். தக்காளி பூவெல்லாம் கொட்டிருச்சு, காலிபிளவர் வெறும் இலையோட நின்னுபோச்சு. இப்ப போட்ட பாகல் நல்லா ஏறி பூவா பூக்குது, காய் ஒண்ணு கூட இல்ல. புதுசா காய்கறி போடுறவங்களுக்கு இந்த நிகழ்ச்சியால எல்லாம் பிரயோஜனம் இருக்கா? ஆடில எங்க பழைய வீட்டு மாடில பெருசா போடலாம்னு இருக்கோம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிரயோஜனம் இருக்கும்மா. நாத்த வேர் அறாம எப்படி எடுக்குறது, பந்தல் எப்படி கட்டுறது, தக்காளில பக்கக்கிளைய எங்க கிள்ளுறது, இதெல்லாம் படிச்சா புரியாது, ஒருத்தர் கை செய்றத கண்ணால பாக்கணும், அதுக்கு டிவி ரொம்ப நல்லது. ஆனா எப்ப போடணும், எங்க போடணும்ங்குறத மட்டும் அதுகிட்ட கேக்காதீங்க, ஏன்னா அவங்க படம் புடிச்ச ஊரும் மாசமும் வேற, நம்ம செம்மண்ணும் வெயிலும் வேற. பகல் சூடு 35 டிகிரிய தாண்டி ராத்திரியும் புழுங்குச்சுன்னா தக்காளிப் பூ பிஞ்சு புடிக்காம கொட்டத்தான் செய்யும், பங்குனி சித்திரைல காரைக்குடி பக்கம் அத தடுக்க முடியாது. காலிபிளவர் குளிருக்கு வர்ற காய், நம்ம பக்கம் மார்கழி தையில கிடைச்சாத்தான் உண்டு. உங்க அப்பத்தா கை மேல ஒரு தப்பும் இல்ல, அவங்ககிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க.

பாகலுக்கு கவலையே வேணாம். மொதல்ல ஆண் பூ மட்டும் தான் வரும், கொஞ்ச நாள் கழிச்சு அடில குட்டிப் பிஞ்சோட பெண் பூ வரும், தேனீ நடமாட்டம் இல்லைன்னா காலைல ஒரு ஆண் பூவ பறிச்சு பெண் பூவுல தொட்டு வச்சாப் போதும். இந்த காத்திருக்குற நாளத்தான் டிவில வெட்டி எடுத்துர்றாங்க, மூணு மாச வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சிருது, அத பாத்துட்டு புதுசா போடுறவங்க நம்ம செடிக்குத்தான் ஏதோ நோய்னு நெனச்சு நடுவுல விளம்பரத்துல வர்ற டானிக்க வாங்கி ஊத்துறாங்க. எனக்கு இது மேல உண்மையிலேயே கோவம் உண்டு. மக்குன சாணி போதும்மா.

ஒலிபரப்புல சொல்றது உதவாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். 1960கள்ல தஞ்சாவூர் பக்கம் ஆடுதுறை 27 நெல்லு திருச்சி வானொலி சொல்லித்தான் பரவுச்சு, ரேடியோ நெல்லுன்னே அதுக்குப் பேரு. அந்த மண்ணுக்கு, அந்த பட்டத்துக்குன்னு சொன்னாங்க, அதனால நிலைச்சு நின்னுச்சு. உங்களுக்கும் அப்படி கேக்க பக்கத்துலயே ஆள் இருக்கு, குன்றக்குடில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, ஒரு தடவை அப்பத்தாவ கூட்டிட்டு போயிட்டு வாங்க.

இப்ப முக்கியமான விஷயம், அந்த மாடி. டிவில வர்றது கான்கிரீட் மாடி. உங்களுது பழைய வீடுன்னா மர உத்திரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளமா இருக்கும், தண்ணி ஊத்துன மண்ணு பை ஒவ்வொண்ணும் நல்ல கனம், அதோட தினம் ஈரம் எறங்குனா உத்திரம் மக்கிரும், தயவுசெஞ்சு மேல வைக்காதீங்க. வீட்டு நடு முற்றத்துலயும் வேணாம், உச்சி நேரத்துல தான் அங்க வெயில் எறங்கும், காய்க்கு ஒரு ஆறு மணி நேரமாவது வேணும். பின்கட்டுல கெணத்தடிய ஒட்டி எடம் இருந்தா அங்க தரையிலயே போடுங்க, சரளையா இருந்தா ஒரு அடி தோண்டி சாணியும் எலை சருகும் கலந்து ரொப்புங்க.

ஆடிக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை போதும். கத்தரிய தட்டுல நாத்து விட்டு ஒரு மாசம் ஆனப்புறம் எடுத்து நடுங்க. வெண்டைய நேரா ஊனிருங்க, அத புடுங்கி நட்டா சரியா புடிக்காது.