ஆங்ஷியஸ்: கவலையா, ஆவலா?

வணக்கம் ஐயா,

எங்கள் அலுவலகத்துக்கு வரப்போகும் புதிய அதிகாரி, 'ஐ ஆம் ஆங்ஷியஸ் டு மீட் தி டீம்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அகராதியில் 'கவலை கொண்ட' என்று இருக்கிறது. எங்களைச் சந்திக்க அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? பதிலில் நானும் இதே சொல்லைப் போடலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் கவலைப்படவில்லை. சீக்கிரம் உங்களைச் சந்தித்துவிட வேண்டும் என்கிறார்.

இந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். 'அபவுட்' வந்தால் கவலை: 'ஆங்ஷியஸ் அபவுட் தி ரிசல்ட்'. 'டு' வந்து, பின்னால் வினைச்சொல் வந்தால் ஆவல். குழப்புவது 'ஃபார்'. 'ஆங்ஷியஸ் ஃபார் நியூஸ்' என்றால் செய்தி வராதா என்ற தவிப்பு. 'ஆங்ஷியஸ் ஃபார் ஹர் சேஃப்டி' என்றால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு. பின்னால் நிற்பது வந்து சேர வேண்டியதா, காப்பாற்றப்பட வேண்டியதா என்று கேட்டால் பிரிந்துவிடும். 'ஆன் ஆங்ஷியஸ் வெய்ட்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் கவலைதான்.

இரண்டு பொருளும் ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை. லத்தீனில் 'அங்கெரே' என்றால் நெரிப்பது, இறுக்குவது. அதிலிருந்து 'ஆங்ஷியுஸ்', 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. மார்பை இறுக்கும் 'ஆஞ்சைனா', வேதனையைச் சொல்லும் 'ஆங்க்விஷ்', ஜெர்மனின் 'ஆங்ஸ்ட்' எல்லாம் இதே குடும்பம். கோபமாகிவிட்ட 'ஆங்கர்'கூட, பழைய நார்ஸ் மொழியில் துயரத்தைக் குறித்த உறவுச் சொல்தான். 'நெஞ்சை அடைக்கிறது' என்று நாம் சொல்வதும் இந்த இறுக்கத்தைத்தான். அது பயத்திலும் வரும், ஒன்றை மிகவும் விரும்பிக் காத்திருக்கும்போதும் வரும்.

ஆவல் பொருள் 18ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. பின்னாளில் சில நடைக் கையேடுகள், 'அதற்கு ஈகர் இருக்கிறதே' என்று தடுக்கப் பார்த்தன. அந்தத் தடை தேவையற்றது என்பேன். 'ஈகர்' வெறும் உற்சாகம். 'ஆங்ஷியஸ் டு' என்பதில் நடக்காமல் போய்விடுமோ என்ற பதற்றமும் ஒட்டியிருக்கும். 'ஆங்ஷியஸ் டு ப்ளீஸ்' என்பதை 'ஈகர்' என்று மாற்றிப் பாருங்கள், அந்தப் பதற்றம் குறைந்துவிடும்.

'நெர்வஸ்' வேறு. மேடை ஏறப்போகிறவர் நெர்வஸ். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் ஆங்ஷியஸ்.

உங்கள் பதிலில் இது வேண்டாம். 'ஆங்ஷியஸ்லி வெய்ட்டிங்' என்று எழுதினால், ஏதோ சிக்கல் என்றோ, அவசரப்படுத்துகிறீர்கள் என்றோ படும். 'வி லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்று எழுதுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: இந்த 'டு'வுக்குப் பின் 'மீட்டிங்', 'ஆங்ஷியஸ் டு'வுக்குப் பின் 'மீட்'.

நேரில் பேசும்போது 'ஆங்க்ஷஸ்' என்று இரண்டே அசையில் சொல்லுங்கள். அழுத்தம் முதல் அசையில்.