சங்கப் பணத்தை வைத்திருந்தால் கேஸ் வருமா?

கேள்வி: பெங்களூரில் பாலியல் தொழில் செய்கிறோம். சேலம், சித்தூர், ஹூப்ளி என்று பல ஊர்களிலிருந்து வந்த பன்னிரண்டு பேர். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் உதவ வாரம் 200 ரூபாய் சேர்க்கிறோம். பணமும் நோட்டும் என் பெட்டியில்தான். "அடுத்தவள் சம்பாத்தியத்தில் பிழைக்கிறாய், உள்ளே தள்ளுவேன்" என்று ஒரு போலீஸ்காரர் மிரட்டுகிறார். சங்கம் வைப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை, சகோதரி. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தந்திருக்கிறது. வயது வந்த பெண் தன் விருப்பப்படி இந்தத் தொழிலில் இருப்பது மட்டுமே குற்றமாகாது.

ஆனால் அவர் சொன்ன மிரட்டலுக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, பிறருடைய பாலியல் தொழில் வருமானத்தில் வாழ்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை. கூடவே குடியிருந்தாலே அப்படித்தான் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். புரோக்கரைப் பிடிக்க வேண்டிய பிரிவு தோழியையும் பெற்ற தாயையும் வதைப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அதனால் முதலில் பணம் உங்கள் பெட்டியை விட்டு வெளியேற வேண்டும். சுய உதவிக் குழுவாகத் தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். குழுவைப் பதிவு செய்யத் தேவையில்லை. பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று போதும். ஊரைவிட்டு வந்து கையில் காகிதமே இல்லாதவர்களும் சேரலாம். இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். நோட்டில் தேதி, தொகை, எதற்கு, வாங்கியவர் கைநாட்டு எல்லாம் இருக்கட்டும். கணக்கு எழுதுவதற்கென்று நீங்கள் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

தொழிற்சங்கமாகப் பதிவு கேட்டால், 'இது தொழிலா?' என்ற கேள்வியில் பதிவாளர் அலுவலகத்திலேயே முட்டி நிற்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கொல்கத்தா சோனாகாச்சிப் பெண்கள் 1995இல் உஷா கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, 'இல்லத்தரசிகள் என்று போட்டுக்கொள்ளுங்கள்' என்றார்கள். அவர்கள் மசியவில்லை, பாலியல் தொழிலாளர்கள் என்றே பதிவு வாங்கினார்கள்.

இன்னொன்று. தொழில் நடக்கும் அறையில் கூட்டம் போடாதீர்கள். இரண்டு பெண்கள் தங்கள் இருவர் வருமானத்துக்காகச் சேர்ந்து பயன்படுத்தும் அறையைக்கூட இந்தச் சட்டம் விபசார விடுதி என்கிறது.

அப்புறம் அந்தப் போலீஸ்காரர். பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், வாயாலோ கையாலோ துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19இல் உத்தரவிட்டிருக்கிறது. அவர் வந்த தேதி, நேரம், சட்டையிலிருக்கும் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிட்டால், வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. புகாரில் உங்கள் ஒருவர் பெயர் மட்டும் வேண்டாம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.