படித்ததால் வந்த நோயா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஆல்சைமர் என்னும் மறதிநோய் என்று மருத்துவர் கூறினார். படித்துப் படித்தே மூளையைக் கெடுத்துக்கொண்டார் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அதை நான் நம்பியதில்லை. ஆனால், மூளை வேலை செய்யும்போது நரம்பணுக்களின் டி.என்.ஏ. முறிகிறது என்று அண்மையில் படித்ததும் கலங்கிவிட்டேன். அவர் பார்க்கும் நாளிதழை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன். எஸ்.டி.பி.எம். என்னும் உயர்நிலைப் பள்ளித் தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழிக்கும் என் மகளை நினைத்தும் அஞ்சுகிறேன். உறவினர்கள் சொல்வது சரிதானா?

– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் படித்தது உண்மை. ஆனால் உறவினர்களின் முடிவு அதிலிருந்து பிறக்கவில்லை.

2013இல் கலிஃபோர்னியாவின் கிளாட்ஸ்டோன் ஆய்வுக்கழகத்தார் சுண்டெலிகளைப் பழக்கமில்லாத ஓர் இடத்தில் உலவவிட்டுப் பார்த்தனர். அவற்றின் நரம்பணுக்களில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்த முறிவுகள் கூடின. ஒரு நாளுக்குள் அவை சீராகியும்விட்டன. 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். நரம்பணு தூண்டப்பட்டவுடன் இயங்கவேண்டிய சில மரபணுக்களின் தொடக்கப் பகுதியை அந்த உயிரணுவின் சொந்த நொதியான டோப்போஐசோமரேஸே வெட்டுகிறது. அந்த வெட்டு அம்மரபணுக்கள் விரைந்து இயங்கத் துணைசெய்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. பட்டையைச் சீவினால்தான் பால் வரும்; சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால்தான் அது காயம். அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். என் தாயார் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே மரத்துக்குப் போவார். இடைப்பட்ட நாள் மரத்தினுடையது.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. மரம் ஓய்ந்தால் தோட்டத்தில் மறுநடவு செய்யலாம். நரம்பணு முதிர்ந்த பின் பிரிந்து பெருகுவதில்லை. பிரியும் அணுக்கள் முறிவைச் சரிசெய்யும்போது, புதிதாக எடுத்த டி.என்.ஏ. படியை (நகலை) மூலமாக வைத்துப் பிழையின்றி எழுதிக்கொள்ள முடியும். நரம்பணுவுக்கு அந்தப் படி கிடையாது. அறுந்த நுனிகளைப் பெரும்பாலும் அப்படியே ஒட்டவேண்டியிருக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதால், அதன் பக்கவிளைவான கேடுகளும் டி.என்.ஏ.வில் ஓயாமல் விழுகின்றன. அதே அணு எழுபது, எண்பது ஆண்டுகள் இதைச் சமாளித்தாக வேண்டும்.

சீர்செய்யும் ஏற்பாடே பழுதானால் என்ன ஆகும் என்பதைச் சில அரிய பரம்பரை நோய்கள் காட்டுகின்றன. இரட்டை இழை முறிவை அறிந்து அணுவை எச்சரிக்கும் ஏ.டி.எம். என்ற மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதான குழந்தைகள் நடக்கப் பழகும் வயதிலேயே தள்ளாடத் தொடங்குகிறார்கள், சிறுமூளை தேய்கிறது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஒற்றை இழை முறிவைச் சீராக்க உதவும் எக்ஸ்.ஆர்.சி.சி.1 என்ற மரபணு பழுதானபோது, முறிவைக் கண்டு குரல்கொடுக்கும் பார்ப்1 என்ற நொதி ஓயாமல் இயங்கிக்கொண்டே இருந்தது. அந்த நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் சிறுமூளை நரம்பணுக்களின் இழப்பும் தள்ளாட்டமும் குறைந்தன. அதாவது, முறிவு மட்டுமன்றி, முடிவுக்கு வராத எச்சரிக்கையும் அணுவைக் கொல்கிறது.

உங்கள் தந்தையின் நோய் பெரும்பாலும் இப்படி ஒரே மரபணுவின் பழுதால் வருவதன்று. முன்சொன்ன 2013 ஆய்விலேயே, ஆல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதம் மிகுந்த சுண்டெலிகளில் உலவுவதற்கு முன்பே முறிவுகள் கூடுதலாக இருந்தன. உலவிய பின் வந்தவை நெடுநேரம் ஆறாமல் கிடந்தன. மனிதரில் இது நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை. எனினும் இரண்டு வகைச் சுண்டெலிகளும் செய்த வேலை ஒன்றே, ஆறுவதில்தான் வேறுபட்டன.

உறவினர்களுக்கு நீங்கள் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. லான்செட் மருத்துவ இதழின் மறதிநோய் ஆணையம் 2020இலும் 2024இலும் வெளியிட்ட அறிக்கைகள், நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவற்றுள் கல்விக் குறைவைத்தான் சேர்த்துள்ளன. மிகுதியான படிப்பை அன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒருவரின் நோய்க்கு அவருடைய படிப்பையே குற்றம் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மகள் படிக்கட்டும், ஆனால் இரவில் தூங்கட்டும். வரிக்குதிரை மீன்களில் உறக்கத்தின்போது நரம்பணுக்களின் முறிவுகள் குறைவதை 2019இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். மீனில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது என்றாலும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும் என்பதற்கு மீனின் சாட்சி தேவையில்லை.

நாளிதழை ஒளித்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாங்கிவிடாமல், அருகில் உட்கார்ந்து ஒரு செய்தியை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.