வார்ஃபரின் எடுப்பவர் கஞ்சாப் பூ புகைக்கலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது, ஸ்காபரோவில் இருக்கிறேன். முழங்கால் வலியால் இரவில் தூக்கம் வருவதில்லை. மகன் உரிமம் பெற்ற கடையில் கஞ்சாப் பூ வாங்கி வந்து, "சட்டப்படி விற்பதுதானே அப்பா, பயப்படாதீங்கள்" என்கிறான். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், இதயத் துடிப்புக் கோளாறால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறேன். புகைத்துப் பார்க்கலாமா? ஊருக்குப் போகும்போது கொஞ்சம் கொண்டுபோகலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. மகன் சொன்னது உண்மைதான். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர் வாங்கலாம். ஆனால் உங்கள் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

பொட்டலத்தை எடுத்து லேபிளைப் பாருங்கள். 'டிஎச்சி' (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்று ஒரு சிறிய எண்ணும், 'மொத்த டிஎச்சி' என்று பெரிய எண்ணும் இருக்கும். பலர் சிறிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். பூ காய்ந்த நிலையில் இருக்கும் அளவுதான் அது. நெருப்புப் பட்டதும் வருவது பெரிய எண். கிராமுக்கு 210 மில்லிகிராம் என்று இருந்தால், அரை கிராம் சுருட்டில் 105 மில்லிகிராம். எரிந்து வீணாவது போக ஒரு பகுதிதான் உடம்பில் சேரும், சரி. ஆனாலும் கனடாவில் கஞ்சா கலந்த தின்பண்டம் ஒரு முழுப் பொட்டலத்திலேயே 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை நினைத்துப் பாருங்கள். புதிதாகத் தொடங்கும் 64 வயதுக்காரருக்கு அந்தப் பூ மிகவும் கடுமையானது.

என் பெரிய கவலை வார்ஃபரின்தான். அந்த மருந்தை உடல் சிதைத்து வெளியேற்றுவதைக் கஞ்சா தாமதப்படுத்தி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றிவிடலாம். ஏறினால் ரத்தக்கசிவு. எண்ணெயாகக் குடித்தாலும் இதே ஆபத்து உண்டு, கஞ்சாவின் போதை தராத பொருளான சிபிடி மட்டும் உள்ளதும் விதிவிலக்கல்ல. இதைப் புகைப்பதற்காக வார்ஃபரினை ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள்! அப்புறம், கஞ்சா நாடித்துடிப்பைக் கூட்டும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். அம்லோடிபினும் சேர்ந்தால், இரவில் கழிவறைக்கு எழும்போது தலைசுற்றி விழலாம். வார்ஃபரின் எடுப்பவர் தலையில் அடிபட விழுவது சின்ன விஷயமே இல்லை.

உங்கள் மருத்துவர் எல்லாம் பார்த்துச் சம்மதித்தால், டிஎச்சி குறைந்த வகையை, ஒரே ஒரு இழுப்பு, வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும்போது மட்டும். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தார்தான் கூடுதலாகப் படியும். புகையிலை கலக்காதீர்கள். அன்றைக்குக் காரைத் தொட வேண்டாம். பொட்டலம் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

ஊருக்குக் கொண்டுபோகவே கூடாது. இங்கே வாங்கிய ரசீது இருந்தாலும் கனடா எல்லையைக் கஞ்சாவோடு தாண்டுவது குற்றம், இலங்கையில் இறங்கினால் அங்கேயும் குற்றம்.

முழங்காலுக்கு பிசியோதெரபியும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் முயன்றீர்களா? அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது இந்தப் பொட்டலத்தின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கோபப்பட மாட்டார்.