சிக்னல் வரை துரத்தியவர்

கேள்வி: தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். நேற்று ஒரு கார்க்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, இண்டிகேட்டரும் போடாமல், என் முன்னால் திரும்பினார். மயிரிழையில் தப்பினேன். அடுத்த சிக்னல் வரை துரத்திப் போய், கார் கூரையில் ஓங்கித் தட்டி நாலு வார்த்தை கேட்டேன். வீட்டில் எனக்குத்தான் திட்டு. தப்பு அவருடையது, பொறுமை மட்டும் ஏன் என்னுடையது? (பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்.)

பதில்: தப்பு அவருடையதுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் நியாயத்தைக் கேட்கிறீர்கள், சாலைக்கு எடைதான் தெரியும். 1,500 கிலோ கார் 50 கி.மீ. வேகத்தில் வருகிறது. நீங்களும் சைக்கிளுமாக 85 கிலோ, வேகம் 20 கி.மீ. என்று வையுங்கள். இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் கார் பக்கம் நூறு மடங்குக்கு மேல். கூரையைத் தட்டினீர்களே, உள்ளே இருந்தவரும் உங்களைப் போலவே முன்கோபி என்றால்? அவர் காலடியில் ஆக்ஸிலேட்டர் இருக்கிறது, சுவாமி.

'பார்த்துக்கொண்டே' என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் தூண் ஒரு சைக்கிளை ஆளோடு மறைத்துவிடும். போதாக்குறைக்கு, நம் கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவும் நேரத்தில் மூளை பார்வையை அடக்கி வைத்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அவசரமாகத் தலையைத் திருப்பி 'ஒன்றும் வரவில்லை' என்று முடிவு கட்டுகிற டிரைவருக்கும் இதே கதிதான்.

அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரண்டாம் முறை பார்க்க வேண்டியது அவர் கடமை. ஆனால் உங்களைக் கவனிக்கவே இல்லாதவருக்கு, தான் செய்த தப்பு எங்கே தெரியப் போகிறது? 'ஒரு சைக்கிள்காரன் வந்து காரை அடித்தான்' என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார். இண்டிகேட்டர் அந்தக் கதையில் வந்திருக்காது.

கத்தவே கூடாதா? தாராளமாகக் கத்துங்கள், கார் திரும்ப ஆரம்பிக்கும்போதே, தொண்டை கிழிய. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறவருக்கு உங்கள் 'டிங் டிங்' எட்டாது. தப்பிய பிறகு போடும் சத்தம் உங்கள் ஆத்திரத்துக்கு மட்டும்தான் ஆகும். அதற்குப் பதில் வண்டி எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பிரிட்டன் 2022-இல், கார்க் கதவை அதற்கு எதிர்ப்பக்கத்துக் கையால் திறக்கும் பழக்கத்தைச் சாலை விதிநூலிலேயே சேர்த்தது. அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். உங்கள் கோபத்தை இந்த மாதிரி விதி கேட்டு மனு எழுதச் செலவழிக்கலாம்.

சரி, ஒரு கேள்வி எனக்கும் உண்டு. அந்த சிக்னல் வரை துரத்தினீர்களே, வழியில் எத்தனை குறுக்குத் தெரு வந்தது? எதிலாவது வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தீர்களா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.